பச்சைத் தண்ணீர் பாய்கிறது, வெந்நீர் மட்டும் சொட்டுகிறது: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

உச்சிப்புளிக்காரன்:

மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்த நேரம். வாளி பாதி நிறைவதற்குள் முதலில் விழுந்த வெந்நீர் ஆறிவிடும், அவ்வளவு மெதுவாக வந்தது. பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலோ கையில் அடிக்கிறது. கடையிலிருந்து வந்த பையன் பிரஷர் பம்ப் வைக்கச் சொன்னான். அடுத்து வந்தவர் கீசரையே மாற்றச் சொன்னார். கடைசியில் பக்கத்து வீட்டு மாமா ஒரு பெரியவரை அழைத்துவந்தார். அவரிடம் பை கூட இல்லை, இடுப்பில் செருகிய ஸ்பேனர்தான்.

மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் ஆறும்வரை திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். பிறகு கீசருக்குத் தண்ணீர் போகும் வழியை அடைத்து, வெந்நீர் வெளியேறும் பக்கத்து இணைப்பைக் கழற்றி, அங்கே வாளியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடைத்ததைத் திறந்தார். குபுகுபுவென்று கொட்டியது. "கீசரில் குறை இல்லை தம்பி" என்றார். அடுத்து, கீசருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த விரல் நீள ஜி.ஐ. நிப்பிளை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு இணைப்புத் துண்டை, கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அரை அங்குலக் குழாய் அது. வெள்ளையும் துருவும் உள்ளே வளர்ந்து ஊசி நுழையும் துளைதான் மிச்சம். அதன் வழியாகப் பார்த்தேன். கொல்லையில் நிற்கும் முருங்கையின் ஒரே ஒரு இலை தெரிந்தது.

பித்தளை நிப்பிள் போட்டார், வெந்நீர் வந்தது, கூலி வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தப் பழைய நிப்பிளைத் துணியில் சுற்றி மடியில் முடிந்துகொண்டு போய்விட்டார். அதை எதற்காக எடுத்துப் போனார் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பாம்பன் காற்று:

பழைய இரும்புக்கு எடை போட்டிருப்பார், இதில் விளங்க என்ன இருக்கிறது? என் கேள்வியே வேறு. பங்குனி பிறந்துவிட்டால் நம் ஊரில் மாடித் தொட்டித் தண்ணீரே தோலை உரிக்கிறது. பகலில் குழாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது. இந்தக் கடற்கரையில் கீசர் எதற்கு?

கீழக்கரைப் பெண்:

பாம்பன்காரர் ஐப்பசி, கார்த்திகையில் ஊரில் இருப்பதில்லை போலிருக்கிறது. வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும்போது பிள்ளை பெற்ற பெண்ணையும் எண்பது வயதுக்காரரையும் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. அண்ணன், நாங்கள் காக்கா என்போம், துபாயிலிருந்து வரும்போது சோற்றுத் தட்டைவிடப் பெரிய ஷவர் ஒன்று கொண்டுவந்தார். மழை போலவே கொட்டும் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. உம்மாதான் முதலில் குளிக்கப் போனார்கள். சீயக்காயைத் தலையில் தேய்த்துவிட்டு வெந்நீர்ப் பக்கம் திருப்பினால், தட்டின் ஓரத்தில் நாலைந்து துளைகளில் மட்டும் சொட்டு. கதவுக்கு உள்ளிருந்து உம்மாவின் குரல்: "எங்கே வாப்பா உன் மழை?" காக்கா கூடத்தில் நின்றுகொண்டு பதில் சொல்லாமல் கூரையையே பார்த்தார். பாவம், அந்த முகம் எனக்கு மறக்கவே இல்லை.

ஷவரில் குறையில்லை. துபாயில் அவர் இருந்த கட்டடத்தில் பம்ப் தள்ளும். எங்கள் தொட்டி குளியலறைக் கூரையின் மேலேயே, தாங்குமேடைகூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. தொட்டியின் அடியிலிருந்து ஷவர்வரை ஓர் ஆள் உயரம்கூட இல்லை. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். எங்களுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பச்சைத் தண்ணீர் ஒரு அங்குலக் குழாயில் நேராக இறங்கிவிடுகிறது. வெந்நீரோ வால்வு, கீசர், எல்போ வளைவு எல்லாவற்றையும் அரை அங்குலக் குழாயில் சுற்றி வரவேண்டும். இருக்கிற சிறிது அழுத்தமும் வழியிலேயே தீர்ந்துவிடுகிறது.

விடுதிக்காரன், ராமேசுவரம்:

தை அமாவாசைக்கு முந்தைய இரவு எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன. அக்கினி தீர்த்தம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் என்று நனைந்து நடுங்கி வருபவர்களுக்கு வெந்நீர் தராமல் இங்கே விடுதி நடத்த முடியாது. மாடியில் சூரியசக்தி வெந்நீர்த் தொட்டி, உள்ளே தண்ணீர் கொதிக்கிறது. கீழ் அறைகளில் ஒழுங்காக வந்தது. மூன்றாம் மாடியில், அதாவது தொட்டிக்கு மிக அருகில் இருக்கும் அறைகளில், ஒரு சொட்டுகூட இல்லை. வடநாட்டு அம்மா ஒருவர் ஈரப் புடவையோடு, கையில் காலிக் குவளையோடு வரவேற்பு மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. குவளையை மட்டும் கவிழ்த்துக் காட்டினார்.

காற்றடைப்பு. புதிதாக வெள்ளையடித்தபோது வெந்நீர்க் குழாயைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கி வளைத்து இறக்கியிருந்தார்கள். அந்த வளைவின் உச்சியில் காற்று போய் உட்கார்ந்துகொண்டது. கீழ்மாடிக் குழாய்களில் இறங்கும் நீரின் எடை காற்றை மீறி இழுத்துவிடும். மேல்மாடிக்கு அந்த வலு இல்லை. எங்களிடம் வேலை பார்க்கும் பையன் மிக்ஸரின், அதாவது இரண்டு தண்ணீரையும் கலந்து தரும் குழாயின், வாயை ஈரத்துணியால் இறுக்கிப் பொத்தி, பச்சைத் தண்ணீர், வெந்நீர் இரண்டு திருகுகளையும் ஒன்றாகத் திறந்தான். பச்சைத் தண்ணீர்க் குழாயில் பம்ப் அழுத்தம் இருந்ததால் அது வெந்நீர்க் குழாய்க்குள் பின்னோக்கி ஏறியது. சுவருக்குள் ஒரு கனைப்பு. அப்புறம் நீண்ட ஏப்பம். துணியை எடுத்ததும் காற்றும் செம்பழுப்புத் தண்ணீருமாகத் துப்பிவிட்டு ஆவியோடு வெந்நீர் வந்தது. ஓடிப்போய் அந்த அம்மாவின் அறைக் கதவைத் தட்டினால், பச்சைத் தண்ணீரிலேயே குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

தொண்டி, ஓய்வுபெற்றவன்:

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் நடுவில் பேசுகிறேன். என் கதை சிறியது. தேவிபட்டினத்தில் மகள் வீட்டில், கீசரையும் சுவர்க் குழாயையும் இணைக்கும் கம்பிப் பின்னல் குழாய் வெளியே பளபளவென்று இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளிருந்த ரப்பர் ஊதி வழியை அடைத்திருந்தது. மருமகன் பின்னலைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்ததுதான் எனக்கு வருத்தம்.

இனி, இங்கே எழுதியவர்கள் எல்லோரும் தப்பவிட்டதைச் சொல்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது, ஒரு குழாயில் மட்டும் குறைவா, வீட்டின் எல்லா வெந்நீர்க் குழாய்களிலுமா என்பது. ஒன்றில் மட்டும் என்றால் கீசரைத் தொடவே வேண்டாம். குழாய் வாயில் இருக்கும் சல்லடை, மிக்ஸரின் உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ், சுவரில் குழாயை அடைக்கும் ஆங்கிள் காக் ஆகிய மூன்றில் ஒன்றில் உப்புச் சில்லு நிற்கும். எல்லாக் குழாய்களிலும் குறைவு என்றால் கீசருக்குள் தண்ணீர் நுழையும் இடத்துக்குப் போங்கள். வெந்நீர் தானாக வெளியே வருவதில்லை. உள்ளே வரும் பச்சைத் தண்ணீர்தான் அதைத் தள்ளுகிறது. நுழைவாயில் வால்வு அடைபட்டால் மேலே கொதித்துக்கொண்டிருந்தாலும் கீழே சொட்டும். பச்சைத் தண்ணீரும் சேர்ந்தே குறைந்தால் தொட்டியடிக் கேட் வால்வைப் பாருங்கள். உச்சிப்புளியில் அந்தப் பெரியவர் வாளி பிடித்துப் பார்த்தது சரியான முறை. பம்ப் விற்க வந்த பையனை நம்பியிருந்தால், அடைபட்ட நிப்பிளுக்குப் பின்னால் அழுத்தத்தை ஏற்றிக் கீசரின் தொட்டியைத்தான் வதைத்திருப்பீர்கள்.

நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பும் கடினத்தன்மையும் கூடவே வரும். காவிரிக் கூட்டுக் குடிநீர் சமையலுக்கும் குடிக்கவும், போர்த் தண்ணீர் குளிக்க என்பதுதானே பல வீடுகளில் வழக்கம். போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கரியமில வாயுவை விட்டுவிட்டு, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அதனால்தான் அதே தண்ணீர் ஓடும் பச்சைத் தண்ணீர்க் குழாய் சுத்தமாக இருக்க, வெந்நீர்க் குழாய் அடைபடுகிறது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை. உங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள், ஊகிக்காதீர்கள். சூடு ஏற ஏறப் படிவும் கூடும். கீசரின் திருகை உச்சியில் வைக்காமல் 55, 60 டிகிரியில் நிறுத்துங்கள். கழற்றிய சல்லடையையும் ஷவர் தட்டையும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கரைத்த நீரில் இரவெல்லாம் ஊறவிட்டால் போதும். அப்புறம், தண்ணீர் கசிகிறது என்று பாதுகாப்பு வால்வை அடைத்து வைக்கும் மேதாவிகளுக்கு: உள்ளே ஏறும் அழுத்தத்துக்கு அது ஒன்றுதான் வாசல். பாம்பன்காரரே, உங்களுக்கு வெந்நீர் வேண்டாம் என்றால் வேண்டாம், மற்றவர்களை ஏன் தடுக்கிறீர்கள்?

பாம்பன் காற்று:

நான் தடுக்கவில்லை, கேட்டேன். நீங்கள் எழுதியதைப் படித்து முடிப்பதற்குள் ஒரு பானைத் தண்ணீரை விறகடுப்பில் கொதிக்கவைத்துக் குளித்தே முடித்திருப்பேன்.

மண்டபம் வடக்கு:

எலுமிச்சை உப்பு என்று பெரியவர் சொன்னது சரி. ஆனால் பலர் காதில் 'அமிலம்' என்று மட்டும்தான் விழுகிறது. எங்கள் தெருவில் ஒரு பிளம்பர் கழிப்பறை கழுவும் ஆசிட்டைக் கீசருக்குள்ளேயே ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் நெடி தாங்காமல் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். பிறகு குழாயைத் திறந்தபோது தண்ணீர் நீலப் பச்சையாக வந்தது. அழகான நிறம், மயில் கழுத்தில்தான் பார்த்திருக்கிறேன். "அழுக்கு வெளியேறுகிறது" என்றார் அவர். வெளியேறியது அழுக்கில்லை, ஹீட்டர் கம்பியின் செம்பு. அழுத்தம் அன்று பிரமாதமாக இருந்தது. அந்த மாதமே தொட்டியின் அடியில் ஒழுகத் தொடங்கிவிட்டது. அவரைக் கேட்டால் கீசர் பழையது என்கிறார்.

பெரியபட்டினம்:

உச்சிப்புளிக்காரருக்கு. எங்கள் வீட்டுக்கு வந்த பெரியவரிடமும் பை இல்லை. பேச்சைத் தொடங்கும் முன்பே மடியிலிருந்து அடைபட்ட நிப்பிள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், ஜி.ஐ. போடவா, பித்தளை போடவா?" என்று கேட்டார். நாங்கள் விலை பேசவே இல்லை. அவர்தானா என்று தெரியாது.

உச்சிப்புளிக்காரன்:

வெற்றிலை போடுபவரா?

பெரியபட்டினம்:

நான் கவனிக்கவில்லை. அத்தாதான் பேசினார்கள்.

கீழக்கரைப் பெண்:

தொண்டி ஐயாவுக்கு. நீங்கள் சொன்னபடி நுழைவாயில் வால்வைப் பிரித்துப் பார்த்தோம், சுத்தமாகத்தான் இருந்தது. எங்களுக்குக் குறை உயரத்தில்தான். தொட்டியைத் தூக்கி வைக்கக் கொத்தனாரிடம் கேட்டிருக்கிறோம். பழைய கூரை, நிறைந்த தொட்டியின் எடையைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்கிறார். அதுவரை காக்காவின் ஷவரைப் பச்சைத் தண்ணீர்க் குழாயில் மாட்டியாயிற்று, அதில் ஓரளவு கொட்டுகிறது. உம்மா வாளியில் பிடித்துத்தான் குளிக்கிறார்கள். விடுதிக்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும்: பம்ப் இல்லாத வீட்டிலும் அந்த ஈரத்துணி வேலை செய்யுமா?

விடுதிக்காரன், ராமேசுவரம்:

தொட்டி உயரமாக இருந்து பச்சைத் தண்ணீர் வேகமாக வந்தால் சில சமயம் செய்யும். ஆனால் உங்கள் வீட்டில் சொட்டாகவாவது வருகிறதே, அது காற்றடைப்பாக இருக்காது. கொத்தனார் சொல்வதைக் கேளுங்கள்.