பீரில் வெந்த கைமா உருண்டை: பெல்ஜியம் வந்திறங்கிய வேலூர்க்காரர்களுக்கு

குடியாத்தத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, லூவன் வந்து மூணு வாரம் ஆகுது. கூட வேலை செய்றவர் வீட்டுக்குக் கூப்பிட்டு, பீர்ல வேகவெச்ச கறி உருண்டை போட்டார். நல்லா இருந்துச்சு. நாமளே செய்ய முடியுமா?"

தாராளமாகச் செய்யலாம் தம்பி. கைமா உருண்டைக் குழம்பு வைக்கிற ஊரிலிருந்து வந்தவருக்கு இதில் பாதி வேலை முன்பே தெரியும். ஆனால் முதலில் கறி வாங்கப் பழக வேண்டும். டச்சு பேசும் இந்த ஃபிளெமிஷ் பக்கத்தில் கைமாவுக்குப் பெயர் 'கெஹாக்ட்'. அதற்கு முன்னால் 'கெமெங்ட்' என்று இருந்தால் கலப்புக் கறி, பன்றி இருக்கும். உள்ளூர்க்காரர்கள் உருண்டைக்கு எடுப்பது பெரும்பாலும் அதைத்தான், கொழுப்பு கூடுதலாக இருப்பதால் மெத்தென்று வரும். 'ருண்ட்' மாடு, 'வார்கன்' பன்றி, 'கிப்' கோழி, 'லாம்' ஆட்டுக்குட்டி. போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக் கைமாதான் வேண்டும் என்றால் துருக்கிக்காரர், மொராக்கோக்காரர் கறிக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். வாங்கிய கைமாவை அன்றைக்கே சமைத்துவிடுவது நல்லது.

அடுத்தது பீர். முதல் தடவை நான் ஃப்ரிட்ஜில் கிடந்த ஐ.பி.ஏ. என்ற கசப்பு பீரை ஊற்றினேன். குழம்பு சுண்டச் சுண்ட, பீரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் கூடவே திரண்டு, கடைசியில் வேப்பங்கொழுந்து கஷாயம் மாதிரி ஆகிவிட்டது. உருண்டைகளைக் கழுவி எடுத்து ரசம் சோற்றோடு தின்று முடித்தேன். அதனால் கசப்பு குறைந்த பழுப்பு பீராகப் பாருங்கள். 'டுப்பல்' என்று எழுதிய 330 மில்லி பாட்டில் ஒன்று போதும். விலை உயர்ந்ததை இதில் ஊற்றாதீர்கள், அதைக் குடித்துவிடலாம்.

அரைக் கிலோ கைமாவுக்கு ஒரு முட்டை, பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, உப்பு, மிளகு, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. பிடிமானத்துக்கு இங்கே பாலில் நனைத்துப் பிழிந்த ரொட்டி போடுவார்கள். நான் பொட்டுக்கடலை மாவுதான் போடுகிறேன், ஒரு கைப்பிடி. எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, வெண்ணெயில் நாலு பக்கமும் சிவக்க விட்டு எடுத்து வைத்துவிடுங்கள். அதே சட்டியில் மூன்று வெங்காயத்தை நீளமாக அரிந்து போட்டு, சின்னத் தீயில் இருபது நிமிடம். இங்கே அவசரப்படக் கூடாது. வெங்காயம் பொன்னிறம் தாண்டிச் சர்க்கரைப் பாகு வாசனை வரும்போது ஒரு ஸ்பூன் மைதா தூவி, பீரை ஊற்றி, அடியில் ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டி விடுங்கள். ருசி முழுக்க அந்த ஒட்டலில்தான் இருக்கிறது. கொஞ்சம் வெல்லம், ஒரு பே இலை, உருண்டைகள். மேலே ஒரு ரொட்டித் துண்டில் கடுகு பேஸ்டைத் தடவி, தடவிய பக்கம் கீழே இருக்கும்படி மிதக்க விடுங்கள். அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும்.

இனி கரண்டி போடக் கூடாது. "உருண்டை உடைஞ்சிடும், சட்டிய ரெண்டு காதையும் புடிச்சி ஆட்டு" என்று வேலூர் சைதாப்பேட்டை வீட்டில் அம்மா சொல்வதேதான் இங்கேயும். மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து நாற்பது நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். அதற்கு முன் ஹாலில் மாட்டியிருக்கும் குளிர்க்கோட்டை எடுத்து உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். இல்லையென்றால் மறுநாள் ரயிலில் பக்கத்தில் இருப்பவருக்கும் நீங்கள் சமைத்தது தெரிந்துவிடும்.

சோற்றுக்கு இது சேராது, இனிப்பு தூக்கலாக இருக்கும். உருளைக்கிழங்கு மசியல், வறுவல், இல்லாவிட்டால் சப்பாத்தி. வீடியோவில் சட்டியைக் காட்டியபோது அம்மா, "பீர்லயா வேகவெச்ச? வாசனை எப்படி கீது?" என்று மட்டும் கேட்டார், திட்டவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. கொதித்தால் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். அரை மணி நேரம் கொதித்தாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தங்கும், ஒரு மணி நேரத்துக்குக் கால் பங்கு. விருந்தாளிகளிடம் பீர் ஊற்றியது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கு வேண்டாம்.

கீழே கமென்ட்டில் பேரணாம்பட்டு அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார், "எங்க வீட்டுக்குள்ள பீரே வராது, அப்போ?" அக்கா, உங்களுக்கு இதே பெல்ஜியத்தில் இருக்கிற லியேஜ் நகரத்துப் பக்குவம் சரியாக வரும். ஆப்பிளும் பேரிக்காயும் காய்ச்சிய கெட்டிப் பாகு கடைகளில் கிடைக்கும், கறுப்பாக, பனங்கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கும். வெங்காயம் சிவந்ததும் அந்தப் பாகு இரண்டு ஸ்பூன், கொஞ்சம் வினிகர், ஒரு பிடி உலர்திராட்சை, எலும்பு வேகவைத்த தண்ணீர். வினிகரை மட்டும் ஒரே தடவையாக ஊற்றாமல் ருசி பார்த்துப் பார்த்துச் சேருங்கள், பாகு ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு இனிப்பில் இருக்கிறது.