சீக்கிரம் இருட்டும் மாலைகளும் வீட்டில் ஒரு வாண்டும்

ஒன்றேமுக்கால் வயது மகளின் அம்மா:

இலையுதிர் காலம் பிறந்தால் எங்கள் வீட்டில் முதலில் தலைகீழாவது மாலை நேரம்தான். கோடையில் இரவுச் சாப்பாடு வரை வெளியே வெளிச்சம் இருக்கும். மகள் மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்ததும் வெளியே கூட்டிப்போனால் ஓடியாடிக் களைத்துத் திரும்புவாள். அப்புறம் குளியல், சாப்பாடு, தூக்கம். இப்போது அவள் கண் விழிக்கும்போதே வெயில் சாய்ந்துவிடுகிறது. செப்டம்பர் 22 அல்லது 23-ஐ ஒட்டிப் பகலும் இரவும் கிட்டத்தட்டச் சமமாகின்றன. பகல்பொழுது நாளுக்கு நாள் மிக வேகமாகச் சுருங்குவதும் அந்த வாரங்களில்தான். நாம் கடிகாரத்தைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்வோம். அவளுக்குக் கடிகாரம் ஏது? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்று "டாட்டா, டாட்டா" என்கிறாள். இருட்டாகிவிட்டது கண்ணு, நாளைக்குப் போகலாம் என்றால், நாளைக்கு என்பதும் அவளுக்குத் தெரியாத சங்கதி. அப்படியே தரையில் உட்கார்ந்து ஒரு அழுகை.

இருட்டத் தொடங்குவதிலிருந்து அவள் தூங்கப் போகும் வரை உள்ள அந்த நேரத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். விளையாட்டுச் சாமான்கள் கூடை நிறைய இருக்கின்றன. ஆனால் என் கை எதில் இருக்கிறதோ அதுதான் அவளுக்கு வேண்டும். நான் துணி மடித்தால் துணி, பெருக்கினால் துடைப்பம். அவளைச் சமாளித்துக்கொண்டே வேலையை முடிப்பது ஒரு வழி. வேலையிலேயே அவளுக்கு ஒரு பங்கு கொடுப்பது இன்னொரு வழி. நான் இரண்டாவதன் பக்கம்.

ஈரக் காற்றால் துணி வெளியே காய்வதில்லை, வீட்டுக்குள் ஸ்டாண்டில்தான் போடுகிறோம். கிளிப் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பெட்டியிலிருந்து ஒரே ஒரு கிளிப் எடுப்பாள், கை நீட்டித் தருவாள், நான் மாட்டும் வரை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாள், பிறகுதான் அடுத்தது. ஒரு நாள் அவளே ஒன்றை மாட்டிப் பார்த்தாள். இரண்டு கையாலும் அழுத்தி அதன் வாயைத் திறந்துவிட்டாள், ஆனால் துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோவதற்குள் நழுவிப் பறந்துவிட்டது. "அச்சச்சோ" என்று தேடிப் போய் எடுத்து வந்தாள், மறுபடி அழுத்தினாள். கடைசியில் அது ஒரு காலுறையின் ஓரத்தைக் கவ்விப் பிடித்ததும் அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த கிளிப்பை எடுக்கப் போய்விட்டாள். பாராட்டுக்காகச் செய்யவில்லை என்று அப்போது நன்றாகவே தெரிந்தது.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 2006-இல் ஃபெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 18 மாதக் குழந்தைகளை வைத்துச் சில சோதனைகள் செய்தார்கள். துணி காயப்போடுகிற ஒருவர் கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் கை நீட்டுவார். பெரும்பாலான குழந்தைகள் யாரும் சொல்லாமலே போய் எடுத்துக் கொடுத்தன. கை நிறையப் பத்திரிகைகளோடு அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்பவருக்குக் கதவைத் திறந்துவிட்ட குழந்தைகளும் உண்டு. நம் வீட்டு வாண்டுகள் தினமும் செய்வதுதானே!

வேலை சீக்கிரம் முடியுமா என்றால் முடியாது. இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். ஆனால் அந்த நேரத்தை எப்படித் தள்ளுவது என்பதுதானே நம் கவலை? உங்கள் வீட்டில் எப்படிப் போகிறது, எழுதுங்கள்.


இரண்டரை வயது மகனின் அப்பா:

தோழி, நீங்கள் உள்ளே இருப்பதைச் சொன்னீர்கள், நான் வெளியே போவதைச் சொல்கிறேன். வெளிச்சம் கொஞ்சமாக இருப்பதால் அதை விடக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கொள்கை. காலையிலேயே மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் உள்கடிகாரம் சரியாக ஓடும், ராத்திரித் தூக்கமும் நேரத்துக்கு வரும். மேகம் மூடிய நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம்.

ஆனால் கிளம்புவதற்குள்தான் போர்! ஜாக்கெட் என்றாலே கையை விறைத்துக்கொண்டு "வேணாம்" என்பான். எங்களைக் காப்பாற்றிய ஒரு வித்தை இருக்கிறது. ஜாக்கெட்டைத் திறந்து, உட்புறம் மேலே தெரியும்படி தரையில் விரியுங்கள். கழுத்துப்பட்டி குழந்தையின் கால் பக்கம் இருக்க வேண்டும். குழந்தை குனிந்து இரண்டு கைக்குள்ளும் கையை விட்டு, அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டால் ஜாக்கெட் தானாக முதுகில் வந்து உட்கார்ந்துவிடும். இதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து "நானே, நானே" என்று அவனே போய் விரிக்கிறான். வேணாம் என்று அவன் சொன்னது ஜாக்கெட்டை அல்ல, நான் மாட்டிவிடுவதைத்தான் என்று நினைக்கிறேன். காரில் போவதென்றால் மட்டும் பஞ்சு அடைத்த தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத்தான் குழந்தை இருக்கையில் பெல்ட் போடுவோம். ஜாக்கெட்டுக்கு மேல் பெல்ட் இறுக்கமாகத் தெரியும், ஆனால் மோதலின்போது பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துபோகும். பெல்ட் போட்ட பிறகு மேலே ஒரு போர்வை போர்த்தினால் போதும்.

இலைகள் விழுந்து கிடக்கும் பாதையில் அவனோடு நடப்பதற்குப் பொறுமை வேண்டும். பத்தடி நடப்பான், உட்காருவான். ஒரு இலையை எடுத்துக் காம்பைப் பிடித்துச் சுற்றுவான், எனக்குக் கொடுப்பான், திரும்ப வாங்கிக்கொள்வான். எங்கேயும் போய்ச் சேரவேண்டும் என்ற எண்ணமே அவனுக்குக் கிடையாது. பச்சை இலையையும் மஞ்சள் இலையையும் பக்கத்தில் வைத்து "வேற" என்றான் ஒரு நாள். அது ஏன் என்று அவனிடம் சொல்ல வயது போதாது, எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மஞ்சள் நிறமி கோடையிலும் அதே இலைக்குள்தான் இருந்தது. பச்சையம் சிதைந்து போனதும் அது வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் பல மரங்களில் அந்தப் பருவத்தில்தான் புதிதாக உருவாகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. கீழே கிடக்கும் கொட்டைகளும் விதைகளும் இந்த வயதுக்குத் தொண்டையில் அடைக்கும் அளவுதான். சில விஷமுள்ளவையும் உண்டு. வீட்டுக்குள் வந்ததும் முதலில் பையைத் துழாவிப் பார்ப்பது என் வேலை. இலையைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை, எத்தனை வேண்டுமானாலும் கொண்டு வரட்டும்.


மூன்று வயதுப் பேத்தியின் பாட்டி:

மகள் வீட்டோடு இருக்கிறேன். பகல் முழுக்கப் பேத்தி என்னோடுதான். நான் சொல்ல வந்தது இருட்டைப் பற்றி.

பிள்ளைகள் சாப்பிடாவிட்டால் "பூச்சாண்டி வருவான்" என்று சொல்லித்தான் எங்கள் தலைமுறை வளர்ந்தது. கோடையில் சொன்னால் அந்தப் பேச்சு அந்த நிமிடத்தோடு போய்விடும். இந்த மாதங்களில் ஜன்னலுக்கு வெளியே கன்னங்கரேல் என்று இருக்கும்போது சொன்னால் பிள்ளை மனதில் அப்படியே தங்கிவிடும். இரண்டு, மூன்று வயதில்தான் கற்பனை நன்றாக முளைக்கிறது. இல்லாததை இருப்பதாக நினைத்து விளையாடத் தெரிந்த பிள்ளைக்கு, இல்லாததை நினைத்துப் பயப்படவும் தெரியும். அதனால் இந்த வீட்டில் பூச்சாண்டிக்கு இடமில்லை என்று நானே சொல்லிவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு சின்ன டார்ச். விளக்கைப் பாதி அணைத்துவிட்டு நானும் பேத்தியும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். ஒவ்வொரு அறையிலும் வெளிச்சம் அடித்து யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பாள். "அம்மா இருக்கா. நாற்காலி இருக்கு. தாத்தா செருப்பு இருக்கு." எல்லாம் வைத்த இடத்தில் இருப்பதைப் பார்த்ததும் பிள்ளைக்கு எவ்வளவு நிம்மதி! சுவரில் என் கையை வைத்து முயல் காட்டினால், அவள் முயலைப் பிடிக்க வந்து தன் நிழலிலேயே மறைத்துவிடுவாள். பிறகு முயல் எங்கே என்று தேடல். என் மகளை வளர்த்த காலத்தில் வேலைக்கு நடுவில் இதற்கெல்லாம் எனக்கு நேரம் வாய்க்கவில்லை. இப்போது வாய்த்திருக்கிறது, அதை ஆசை ஆசையாக அனுபவிக்கிறேன்.


குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் ஒரு அம்மா:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். சளியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! இந்த மாதங்களில் மூக்கொழுகாத வாண்டு எங்கே இருக்கிறது? சின்னக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம், காப்பகத்துக்குப் போகும் குழந்தைக்கு இன்னும் கூடுதலாகவே வரலாம். அதில் பெரும்பகுதி இந்தக் குளிர் மாதங்களில்தான். ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். பார்ப்பவர்கள் "இந்தப் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கலங்கும் அம்மாக்களைத் தினமும் பார்க்கிறேன், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் குழந்தையின் உடம்பு ஒவ்வொரு வைரஸையும் முதல்முறையாகச் சந்திக்கிறது, அவ்வளவுதான்.

சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. கடையில் கிடைக்கும் இருமல் மருந்தை இந்த வயதுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள். ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கும் முன் சிறிது தேன் கொடுக்கலாம், அதற்குக் கீழே தேன் கூடாது. மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுந்தாலோ, குடிக்க மறுத்துச் சிறுநீர் குறைந்தாலோ, துவண்டு கிடந்தாலோ காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். உதடு நீலம் பாய்ந்தால் அது அவசரம்.

என் மகனுக்கு இப்போது இரண்டு வயது. மூக்கைத் துடைக்க வந்தால் ஓடுவான். முதலில் அவன் கரடிப் பொம்மைக்கு அவனே துடைத்துவிடுவான், பிறகு எனக்கு, கடைசியில் அவனுக்கு நான். மூவருக்கும் முடிய நேரமாகும், ஆனால் அழுகை இல்லை.


இரட்டைக் குழந்தைகளின் அம்மா:

வேலைக்குப் போகிறவர்கள் சார்பில் ஒரு வார்த்தை. இருவரையும் காப்பகத்திலிருந்து அழைத்துக்கொண்டு வீடு வரும்போதே இருட்டியிருக்கும். எங்களுக்கு மாலையே அரை மாலைதான். அதில் துணி மடிக்கவும் இலை பொறுக்கவும் எனக்குத் தெம்பில்லை, அவர்களுக்கும் இல்லை. நேராகக் குளியலறை. தண்ணீரில் இரண்டு குவளையைக் கொடுத்துவிட்டு நான் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிடுவேன், கண்ணை எடுக்கவே மாட்டேன். ஊற்றுவதும் நிரப்புவதுமாக அவர்கள் பாட்டுக்கு இருப்பார்கள். அவர்கள் அன்று என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியவருவது அந்த நேரத்தில்தான். ஒரு சொல், ஒரு பெயர், அழுத ஒரு கதை.

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கு: அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சில நாள் முன்பிருந்தே படுக்கும் நேரத்தைப் பத்துப் பதினைந்து நிமிடமாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள், சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துத்தான். அப்படிச் செய்தால் விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு பேர் உங்கள் மேல் ஏறி உட்காருவது குறையும். அடியோடு நிற்காது.


ஒன்றேமுக்கால் வயது மகளின் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இரட்டையரின் அம்மா, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத்தான் நான் துணி மடிப்பதில் தேடுகிறேன் என்று படிக்கும்போது தோன்றியது. தெம்பு இல்லாத நாளில் என் வீட்டிலும் குளியல்தான் இனி.

ஜாக்கெட் வித்தையை இன்றே செய்து பார்த்தோம். கழுத்துப்பட்டியைக் கால் பக்கம் வைக்க மறந்தால் தலைகீழாகப் போகும், மற்றவர்கள் கவனிக்கவும். மகளுக்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது, அப்படியே வீடு முழுக்க நடந்தாள்.

தனிச்செய்தியில் ஒருவர், வேலை செய்தால் ஸ்டிக்கர் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். நான் கொடுப்பதில்லை. நான் முதலில் சொன்ன அதே இரண்டு உளவியலாளர்கள் 2008-இல் 20 மாதக் குழந்தைகளை வைத்து இன்னொரு ஆய்வு செய்தார்கள். உதவியதற்குப் பரிசு வாங்கிய குழந்தைகள், பரிசு நின்ற பிறகு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்களாம். கிளிப் எடுத்துக் கொடுப்பதே அவளுக்குப் போதுமானதாக இருக்கும்போது அதற்கு மேல் ஒன்றை வைத்து அதைக் கெடுப்பானேன்?

பாட்டியம்மா, உங்கள் டார்ச் சுற்று எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. "யாரு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போகிறாள். டார்ச் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: பட்டன் பேட்டரி போட்டது வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்குவதாக இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.