நார்மண்டியில் ஜெயித்தது ரப்பர் டாங்கியா?

கரிசல்காட்டான்: 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கியதைப் பற்றி, "காற்றடைத்த ரப்பர் டாங்கியைக் காட்டித்தான் ஹிட்லரை ஏமாற்றினார்கள், இல்லையென்றால் நார்மண்டி கிடையாது" என்று நேற்று வானவில் எழுதியிருந்தார். கீழே ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1944-ல் இங்கிலாந்துக்கு மேலே வந்து படமெடுக்க ஜெர்மனிக்கு விமானம் ஏது? ஏதோ ஒன்றிரண்டு தப்பி வந்தால் உண்டு. பார்க்க ஆளில்லை என்றால் அது காட்டில் காய்ந்த நிலாதானே? ஏமாற்றியது ஒற்றர்களும் ரேடியோவும்.

வானவில்: அமெரிக்கத் தளபதி பேட்டன் தலைமையில் ஒரு பெரும்படை, இங்கிலாந்துக்கு எதிரே இருக்கும் பிரான்ஸின் கலே பக்கம் இறங்கப்போகிறது என்று கதை கட்டினார்களே, அந்தப் படைக்கு டாங்கி வேண்டாமா? நாலு சிப்பாய்கள் ஷெர்மன் டாங்கியைக் கட்டில் தூக்குகிற மாதிரி தூக்கிப்போகும் படத்தை நான் பார்த்திருக்கிறேன். கண்ணை நம்புவதா, உங்களை நம்புவதா?

கரிசல்காட்டான்: ரப்பர் டாங்கியால் பேர் வாங்கியது அமெரிக்காவின் 23-ஆவது தலைமையகச் சிறப்புப் படை, சுமார் 1,100 பேர். அவர்கள் கூத்தெல்லாம் தரையிறங்கிய பிறகு, பிரான்ஸில் தொடங்கி 1945 மார்ச்சில் ரைன் ஆற்றங்கரை வரை. கல்யாண ஆல்பத்தைக் காட்டி நிச்சயதார்த்தம் என்கிறீர்கள்.

பாய்மரம்: டாங்கியை விடுங்கப்பா. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் போலிப் படகுகளை நிறுத்தினார்களே? இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே கான்வாஸ், அடியில் காலி பீப்பாய்.

வானவில்: பார்த்தீர்களா, போலி இருந்தது! அதைத்தான் நானும் சொன்னேன்.

கரிசல்காட்டான்: படகு எப்போது டாங்கியானது நண்பரே? போன மாதம் நீர்மூழ்கித் திரியிலும் இப்படித்தான், மாட்டிக்கொண்டதும் பேச்சை மாற்றினீர்கள்.

வானவில்: அந்தத் திரியில் பாதியில் காணாமல் போனது யார் என்று ஊருக்கே தெரியும்.

குறளடி: சண்டை வேண்டாம். ஜெர்மனியின் ஒற்றராக நடித்துப் பிரிட்டனுக்கு உழைத்த கார்போ என்ற ஹுவான் புஹோல் 27 துணை ஒற்றர்களைக் கற்பனையிலேயே வளர்த்தார். ஜூன் 9-ஆம் தேதி, "நார்மண்டி வெறும் கண்கட்டு, நிஜத் தாக்குதல் கலேயில்" என்ற பொருளில் ஜெர்மனிக்குச் செய்தி அனுப்பினார். நம்பினார்கள். ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்று வள்ளுவர் 588-ஆம் குறளிலேயே சொல்லிவிட்டார். ஜெர்மானியருக்கு அது தெரியவில்லை.

கரிசல்காட்டான்: தெரிந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. பிரிட்டனிலிருந்து செய்தி அனுப்பிய ஜெர்மன் ஒற்றர்கள் அநேகமாக எல்லோரையும் பிரிட்டிஷ்காரர்களே ஆட்டுவித்தார்கள். இரண்டாவது ஆளைக் கேட்டாலும் அதே அடுப்பில் வெந்த சோறுதான். கார்போவுக்கு ஜெர்மனி இரும்புச் சிலுவை கொடுத்தது, பிரிட்டன் எம்பிஇ பட்டம் கொடுத்தது. ரப்பர் டாங்கிக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

குறளடி: எதற்கெடுத்தாலும் வள்ளுவரை மட்டம் தட்டுவதே சிலருக்குப் பிழைப்பு.

கரிசல்காட்டான்: நான் எங்கே ஐயா தட்டினேன்?

வானவில்: சரி, 1942-ல் எகிப்துப் பாலைவனத்தில் நடந்த எல் அலமைன் போருக்கு என்ன சொல்கிறீர்கள்? அங்கே விமானம் பறந்ததே, போலி டாங்கியும் நின்றதே?

கரிசல்காட்டான்: அங்கே சாமர்த்தியம் நிஜ டாங்கிக்கு மேலே கூடு போட்டு லாரியாக்கியது. பொய் டாங்கியை விட பொய் லாரிதான் வேலை செய்தது. நாம் பேசுவது நார்மண்டி. ஜெர்மனியின் 15-ஆவது படை கலேயிலேயே வாரக்கணக்கில் காத்துக் கிடந்தது காற்றடைத்த பையைப் பார்த்தா?

வானவில்: அப்படியானால் ரப்பர் டாங்கியே இல்லை என்று எழுதிக் கொடுங்கள்.

கரிசல்காட்டான்: இல்லை என்று யார் சொன்னது? அதைப் பார்த்து ஹிட்லர் ஏமாறவில்லை என்றேன். மூன்றாவது முறை சொல்கிறேன்.

வானவில்: நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தீர்களாக்கும். முகப்புப் படத்தை மாற்றிவிட்டேன், ரப்பர் டாங்கி. தினமும் கண்ணில் படட்டும்.

கரிசல்காட்டான்: இடது பக்கம் காற்று இறங்கியிருக்கிறது, ஊதிக்கொள்ளுங்கள்.

பாய்மரம்: படகைப் பற்றி யாரும் பேசமாட்டீர்களா?