உதவி தேவை: ஸ்டுடியோ வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஒலித்தடுப்பு கெடாமல் எப்படிச் சரிசெய்வது?

மாடியறை:
வணக்கம் நண்பர்களே. பலர் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்மாடியில், 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறை ஒன்றை ரெக்கார்டிங் ஸ்டுடியோவாக மாற்றப் போகிறேன். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் உண்டு என்பதால் அறைக்குள் அறை. ஏற்கெனவே இருக்கும் மரச்சட்டச் சுவரைத் தொடாமல் 25 மி.மீ. தள்ளி உள்ளே இன்னொரு மரச்சட்டம், அதன் மேல் இரண்டடுக்கு 16 மி.மீ. ஜிப்சம் போர்டு. வரைபடத்தைப் பார்த்த கட்டட ஆய்வாளர் நான்கு குறை எழுதியிருக்கிறார்: இரண்டு சட்டத்துக்கும் நடுவே தீத்தடுப்பு இல்லை, உட்சுவரில் ஒட்டும் ஃபோமுக்குத் தீச்சான்று இல்லை, காற்றோட்டம் இல்லை, தீ அபாய மணி உள்ளே கேட்காது. முதல் குறைதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. இரண்டு சட்டத்தையும் பிளைவுட் வைத்து இணைத்தால் அறைக்குள் அறை கட்டியதற்கே பொருள் இல்லையே?

ஒலித்தச்சன்:
பிளைவுட் வேண்டாம், உங்கள் பயம் சரிதான். ஆனால் ஆய்வாளர் கேட்பதும் நியாயம். சுவருக்குள் தடையில்லாத வெற்றிடம் இருந்தால் தீ அதற்குள்ளேயே ஓடிக் கூரைக்குப் போய்விடும், அறையில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அதற்காகக் கட்டையைத்தான் வைக்க வேண்டும் என்றில்லை. பல நாடுகளில் எடுத்தாளப்படும் ஐபிசி (International Building Code) என்ற கட்டட விதித்தொகுப்பு, இரட்டை வரிசைச் சட்டச் சுவர்களில் கிடைமட்டமாக 10 அடிக்கு ஒருமுறை வைக்க வேண்டிய தடுப்புக்கு ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய கம்பளி) பட்டையையே ஏற்கிறது. அது மெத்தென்று இருப்பதால் அதிர்வைக் கடத்தாது. இரண்டு சட்டத்தின் ஆழத்தையும் நடு இடைவெளியையும் சேர்த்து, தரையிலிருந்து மேல்வரை இறுக்கமாக நிரப்புங்கள். உட்கூரை சுவரைச் சந்திக்கும் இடத்திலும் தடுப்பு வேண்டும். அந்த இடத்துக்கு எந்தப் பொருளை ஏற்பார் என்று வரைவதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.

தாளம்பட்டி:
நடு இடைவெளியிலேயே ஒரு ஜிப்சம் போர்டு அடித்தால் தீக்கும் ஆச்சு, சத்தத்துக்கும் ஆச்சு இல்லையா?

ஒலித்தச்சன்:
அதைச் செய்யாதீர்கள். இரண்டு தகடு, நடுவில் காற்று: அந்தக் காற்று ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. இடைவெளி அகலமாக இருந்தால்தான் அதன் ஒத்ததிர்வு, அதாவது சுவர் தானே சேர்ந்து அதிரும் அதிர்வெண், கீழே இறங்கும். நடுவே மூன்றாவது தகடு வந்தால் ஆழமான ஒரு இடைவெளி இரண்டு குறுகிய இடைவெளிகளாக உடைந்து ஒத்ததிர்வு மேலே ஏறுகிறது, அப்போது பேஸ் சத்தம் முன்பைவிட அதிகமாகக் கசியும். கையில் போர்டு மிச்சம் இருந்தால் உட்பக்கத் தகட்டோடு சேர்த்து அடியுங்கள். இன்னொன்று, எஸ்டிசி எண்ணை (சுவர் எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும் என்று காட்டும் மதிப்பெண்) மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது 125 ஹெர்ட்ஸுக்குக் கீழே பார்ப்பதே இல்லை, பேஸ் கிட்டாரின் அடித்தந்தியோ 41 ஹெர்ட்ஸ்.

கரிமேகம்:
ஃபோம் விஷயத்தில் ஆய்வாளரோடு வாதாடவே வேண்டாம். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் மேடை வாணத்தின் பொறி பட்டு, சத்தத்துக்காகச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோம் பற்றிக்கொண்டது. 100 பேர் இறந்தார்கள். 2013இல் பிரேசிலின் சான்டா மரியாவில் கிஸ் விடுதியிலும் கிட்டத்தட்ட இதே கதை, 242 பேர். அந்த ஃபோமின் புகை சில நிமிடங்களிலேயே ஆளை வீழ்த்திவிடும். இத்தனைக்கும் ஃபோம் சத்தம் வெளியே போவதைத் தடுப்பதில்லை, உள்ளே எதிரொலியைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அந்த வேலையை 100 மி.மீ. ராக்வூல் பலகை இன்னும் நன்றாகச் செய்யும், எரியவும் எரியாது. மேலே போர்த்தும் துணிக்கும் தீச்சான்று கேட்பார்கள், அதை மறந்துவிடாதீர்கள்.

தீ அபாய மணிக்கு வழி சுலபம்: அறைக்குள் மின்னும் விளக்கோடு கூடிய தனி அலாரம், அது அடித்தவுடன் மானிட்டர் ஸ்பீக்கர்களின் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே (தானியங்கி சுவிட்ச்). ஹெட்போனில் பாடுபவருக்கு விளக்குதான் உயிர்காப்பு.

மாடியறை:
மிக்க நன்றி, பெரிய பாரம் இறங்கியது. காற்றுக்குச் சுவரில் துளை போட்டால் சத்தமும் அதே வழியாகத்தானே போகும்? அப்புறம் 100 மி.மீ. மிதக்கும் (கட்டடத்தை நேரடியாகத் தொடாமல் மெத்தென்ற தாங்கிகள் மேல் நிற்கும்) கான்கிரீட் தளமும் போடலாம் என்றிருக்கிறேன்.

ஒலித்தச்சன்:
துளை போட்டே ஆக வேண்டும். காற்றுப்புகாத அறையில் நான்கு பேர் பாடினால் சீக்கிரமே தலை கனக்கும். உள்ளே வரும் காற்றுக்கு ஒன்று, வெளியேறும் காற்றுக்கு ஒன்று என இரண்டு பஃபிள் பெட்டி (சத்தத்தை அடக்கும் காற்றுப் பெட்டி) செய்யுங்கள். உள்ளே வளைந்து வளைந்து போகும் பாதை, அதன் சுவர்களில் எரியாத டக்ட் லைனர் (காற்றுக் குழாயின் உட்புறம் ஒட்டும், சத்தத்தை உறிஞ்சும் உறை). பாதையின் குறுக்குவெட்டுப் பரப்பு டக்டைவிட இரண்டு மடங்கு இருந்தால் காற்றின் வேகம் பாதியாகும், உஸ் என்ற இரைச்சல் மைக்கில் ஏறாது. தீத்தரம் உள்ள சுவரை டக்ட் தாண்டும் இடத்தில் ஃபயர் டேம்பர் (தீ வந்தால் குழாயை மூடிவிடும் தடுப்பு) தேவையா என்பதையும் ஆய்வாளரிடமே கேளுங்கள்.

தளம்தான் எனக்குக் கவலை தருகிறது. 100 மி.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்கு 240 கிலோ. வீட்டுத் தளங்களை வழக்கமாக சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு மாறும் சுமைக்குத்தான் (ஆட்கள், சாமான்கள்) வடிவமைப்பார்கள். உங்கள் அறைக்குக் கான்கிரீட் மட்டும் உத்தேசமாக 4.8 டன், அதற்கு மேல் சுவருக்கும் கூரைக்கும் ஜிப்சம் போர்டே ஒன்றரை டன்னை நெருங்கும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை சிமென்ட்டைக்கூட மேலே ஏற்றாதீர்கள். டிரம்ஸுக்கு மட்டும் ரப்பர் தாங்கிகள் மேல் ஒரு மேடை போட்டுப் பாருங்கள், பல அறைகளுக்கு அதுவே போதும்.

மாடியறை:
சரி, இன்ஜினியரை முதலில் பார்க்கிறேன், திருத்திய வரைபடம் அதற்குப் பிறகுதான். சுவிட்ச் பெட்டிகளை என்ன செய்வது?

கரிமேகம்:
அவற்றைச் சுவருக்குள் புதைக்காமல் வெளிப்பரப்பிலேயே வையுங்கள், வயர் நுழையும் ஒரே துளையை மட்டும் அடைத்தால் போதும். புதைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பெட்டியின் பின்புறம் முழுக்கத் தீத்தடுப்பு புட்டி பேட் (களிமண் போல மெத்தென்ற பட்டை) சுற்றுங்கள், அது சத்தக் கசிவையும் அடைக்கும்.