ஆக்டேவியா விஆர்எஸ் 1.8 டர்போ: 3000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவை இல்லை, டர்போவையே மாற்றச் சொல்கிறார்கள். உதவுங்கள்

வடவள்ளி ஆர்எஸ்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2005 ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ். 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) பெட்ரோல், 150 குதிரைத்திறன். 1,43,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நான் மூன்றாவது ஓனர். ஆயில், பிளக், பிரேக் பேடு எல்லாம் வீட்டு போர்டிகோவில் நானே மாற்றிக்கொள்வேன். அதற்கு மேல் கை வைத்ததில்லை.

ஊருக்குள் சாதுவாக ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் 3000 வரை நன்றாகப் போகிறது, அப்புறம் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல் அப்படியே நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் டிரைவர் பக்கம் முன்னாலிருந்து ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். சைலன்சர் வாயில் விரல் வைத்தால் கரி ஒட்டுகிறது, பெட்ரோல் வாடையும் அடிக்கிறது. கோவையிலிருந்து ஊட்டிக்குப் போனபோது கல்லாறு தாண்டி ஏற ஆரம்பித்ததுமே வண்டிக்கு மூச்சு வாங்கிவிட்டது, பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை விடவே இல்லை. ஐடிலிலும் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறி இறங்குகிறது.

செக் லைட் எரிந்ததால், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் வாக்-காம் கேபிளை நண்பரிடம் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். கோடு 17705, அதாவது பி1297. டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) இடையே அழுத்தம் குறைகிறது என்று காட்டுகிறது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் பைப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “உள்ளே ஆயில் நிக்குது, ஷாஃப்ட்டும் ஆடுது, டர்போ போச்சு” என்றார்கள். புதுசு வாங்கி மாட்ட லட்சத்தை நெருங்கும் போலிருக்கிறது. வண்டியின் விலையில் பாதி! உண்மையிலேயே டர்போதானா? வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

ரெட்லைன் ராசு

ப்ரோ, பிளக்குக்கு கரண்ட் கொடுக்கிற காயிலை மாத்துங்க. இந்த இன்ஜினுக்கு அதுதான் வியாதி. நாலையும் ஒண்ணா மாத்திட்டா கதை முடிஞ்சுது.

கணபதி லேத்

ராசு தம்பி, காயில் போயிருந்தால் இன்ஜின் மிஸ்ஸாகும், ஜெர்க் அடிக்கும், மிஸ்ஃபயர் கோடும் சேர்ந்து வரும். இங்கே அப்படி எதுவும் இல்லை. வந்திருக்கும் ஒரே கோடு அழுத்தக் குறைவு.

வடவள்ளிக்காரரே, டர்போவுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஷாஃப்ட் எந்தப் பக்கம் ஆடுகிறது? இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டர்போவின் வாயில் இருக்கும் பைப்பைக் கழற்றி, நடுவில் உள்ள நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடத்தான் செய்யும். ஓடும்போது ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுகிற ஷாஃப்ட் அது, ஆயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் அந்த இடைவெளி கைக்குத் தெரியும். முன்னும் பின்னும் தள்ளி இழுத்தால் அசையக் கூடாது. பிளேடின் நுனி சுவரில் உரசிய தடமும் இருக்கக் கூடாது. இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் பாகம்) பைப்பில் பூசினாற்போல் ஆயில் இருப்பது இந்த வயதில் எல்லா 1.8 டர்போவிலும் சகஜம். இன்ஜின் அடிப்பகுதியிலிருந்து வரும் பிரீதர் குழாய் வழியாக வரும் ஆயில் ஆவிதான் அது. பைப்பைச் சாய்க்கும்போது ஆயில் கொட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்புறம் கேபிளில் குரூப் 115, அதாவது டர்போ அழுத்தத்தைக் காட்டும் பகுதி. சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் அழுத்தம் எவ்வளவு காட்டுகிறது? ரோட்டில் முழு மிதியில் கேட்கும் அழுத்தம் எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு? பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள், ஓட்டிக்கொண்டே லேப்டாப்பைப் பார்க்காதீர்கள்.

கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டி, குறைத்துத் திருத்துகிறது என்று காட்டும் குரூப் 032-ல் உள்ள இரண்டு எண்கள் வேண்டும். கடைசியாக, யாராவது ரீமேப் (சக்தி கூட்ட கம்ப்யூட்டர் ப்ரோகிராமை மாற்றுவது) செய்திருக்கிறார்களா?

வடவள்ளி ஆர்எஸ்

நன்றி அண்ணா. பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் உண்டு. முன்பின் அசைவே இல்லை. பிளேடு சுத்தமாக இருக்கிறது.

115: இன்ஜின் ஆஃப் நிலையில் 960 மில்லிபார். மூன்றாவது கியரில் 3500 ஆர்பிஎம்மில் கேட்பது 1600-ஐ ஒட்டி, கிடைப்பது 1240.

032: முதல் எண் +1.6, இரண்டாவது –8.2 சதவீதம்.

ரீமேப் இல்லை என்றுதான் முந்தைய ஓனர் சொன்னார்.

கணபதி லேத்

அப்படியானால் டர்போ பிழைத்தது. ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதை மறந்துவிடுங்கள்.

960 என்பது கோவைக்குச் சரியான எண். ஊர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது, வெளிக்காற்றே அவ்வளவுதான் இருக்கும். ஆகவே அழுத்த சென்சார் பொய் சொல்லவில்லை. 1600 கேட்டு 1240 வருகிறது என்றால் காற்று எங்கோ போகிறது. எங்கே என்பதுதான் கேள்வி. அதற்கு உங்கள் –8.2 பதில் சொல்கிறது.

இந்த வண்டியில் ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் எம்ஏஎஃப் சென்சார் காற்றை அளக்கிறது. அந்த அளவை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றும். அளந்த காற்று வழியில் எங்காவது வெளியே கசிந்தால் பெட்ரோல் மட்டும் முழுசாக உள்ளே போகும். கலவை கெட்டியாகிவிடும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து பெட்ரோலைக் குறைக்கச் சொல்லும், அந்தக் குறைப்புதான் மைனஸ் 8. முழு மிதியில் அந்தத் திருத்தம் ஈடுகொடுக்காது, அதனால்தான் கரியும் வாடையும்.

ஆக்சிலேட்டரை விட்டதும் மிச்ச அழுத்தத்தை விடுவிக்கும் டைவர்ட்டர் வால்வைத்தான் பலரும் உடனே கை காட்டுவார்கள். அதன் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்தாலும் பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தம் குறையும், உண்மைதான். ஆனால் அந்த வால்வு காற்றை வெளியே விடுவதில்லை. எம்ஏஎஃப்புக்குப் பின்னால் டர்போவின் வாய்க்கே திருப்பி விடுகிறது. அளந்த காற்று வீட்டுக்குள்ளேயேதான் சுற்றும், கலவை கெடாது. உங்களுக்குக் கலவை கெட்டிருக்கிறது. எனவே வெளிக்கசிவு ஒன்று கட்டாயம் இருக்கிறது. டைவர்ட்டர் வால்வும் போயிருக்கலாம், ஐடில் ஏறி இறங்குவது அப்படித்தான் நினைக்க வைக்கிறது.

மலையில் மோசமாவதற்கும் காரணம் இதேதான். மேலே போகப்போக வெளிக்காற்று மெலிகிறது, அதே இழுவைக்கு டர்போ கூடுதலாக அமுக்க வேண்டும். அமுக்க அமுக்கக் கசிவும் கூடுகிறது.

ரெட்லைன் ராசு

ஓ, இப்ப புரியுதுண்ணா. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஹோஸ் பக்கத்துல காட்டினா புகை எங்க திரும்புதுன்னு தெரிஞ்சிடுமே?

நீலகிரி டீசல்

பெட்ரோல் வாடை அடிக்கிற பேனட்டுக்குள் நெருப்பா? வேண்டவே வேண்டாம். அது போக, ஐடிலில் அந்தப் பைப்புகளில் அழுத்தமே இருக்காது. புகை ஒன்றையும் காட்டாது.

கணபதி லேத்

நீலகிரியார் சொன்னது சரி. இன்ஜினை அணைத்துவிட்டு வெளியிலிருந்து காற்று ஏற்றித்தான் பார்க்க வேண்டும். டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸை எம்ஏஎஃப்பிலிருந்து கழற்றுங்கள். அதன் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து, ஏதாவது ஒரு லேத்தில் அலுமினியத்தில் ஒரு மூடி கடையச் சொல்லுங்கள். கோவையில் இருந்துகொண்டு இதற்கு அலைய வேண்டியதில்லை. மூடியின் வெளி விளிம்பில் சின்ன மேடு இருக்கட்டும், கிளாம்ப் வழுக்காது. நடுவில் துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றை மாட்டுங்கள். பிவிசி எண்ட் கேப்பிலும் இதைச் செய்யலாம். ஆனால் அது பிடி நழுவிப் பறந்தால் முகத்தில்தான் வரும், நேர் எதிரே நிற்காதீர்கள்.

பிறகு கால் பம்ப் அல்லது சின்ன கம்ப்ரஸர். மெதுவாக 10 பிஎஸ்ஐ வரை போதும். பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஹோஸ், ஒவ்வொரு கிளாம்ப்பாக அடியுங்கள்.

நீலகிரி டீசல்

ஒன்றைச் சேர்க்கிறேன், இது முக்கியம். டர்போ வாய் ஹோஸில்தான் கிராங்க்கேஸ் பிரீதரும் வந்து சேர்கிறது. அதைக் கழற்றி இரண்டு முனையையும் அடைக்காமல் காற்று ஏற்றினால் அழுத்தம் முழுவதும் இன்ஜின் அடிவயிற்றுக்குப் போய் கிராங்க் ஆயில் சீலைப் பிதுக்கிவிடும். கசிவு தேடப்போய் கியர்பாக்ஸ் இறக்குகிற வேலை ஆகிவிடும்.

இன்னொன்று, காற்று எவ்வளவு ஏற்றினாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்யும். ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்திருக்கும், அது வழியாகப் போய்விடும். சைலன்சரில் காற்றுச் சத்தம் பலமாகக் கேட்டால் நியூட்ரலில் வைத்து, கிராங்க் போல்ட்டில் 19 சாக்கெட் போட்டு இன்ஜின் சுற்றும் திசையிலேயே கொஞ்சம் திருப்பிவிட்டுப் பாருங்கள்.

வடவள்ளி ஆர்எஸ்

பார்த்தாயிற்று! மூடியைக் கடைந்து கொடுத்தவர் டீக் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். பிரீதரை அடைத்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

5 பிஎஸ்ஐ வரை பேனட்டுக்குள் எங்கும் நுரை இல்லை. 8-ஐத் தொட்டதும் அதே ‘உஸ்ஸ்’, ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை. டிரைவர் பக்க முன்சக்கரத்தையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மட்கார்டையும் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. இன்டர்கூலருக்கு வரும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப்புக்கு ஒட்டினாற்போல் ஒரு கீறல். கையால் தடவினால் தெரியவே இல்லை. காற்று ஏறும்போது மட்டும் வாய் திறந்து நுரையாகப் பொங்குகிறது. ரப்பர் ஆயிலில் ஊறி ஜவ்வு மாதிரி மெத்தென்று ஆகியிருக்கிறது. போட்டோ எடுக்க முயன்றேன், கை நுழையவே இடமில்லை.

ஏர்பாக்ஸைக் கழற்றி டைவர்ட்டர் வால்வையும் எடுத்துவிட்டேன். இது நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கணபதி லேத்

அதற்குக் கருவி வேண்டாம். பெரிய வாய்க்குள் விரல் விட்டு உள்ளே இருக்கும் தட்டை மேலே அமுக்குங்கள். அமுக்கியபடியே, மேலே சின்ன ஹோஸ் சேரும் குழாயைக் கட்டை விரலால் இறுக்கி மூடுங்கள். இப்போது அமுக்கிய விரலை எடுங்கள். டயாஃப்ரம் நல்லதென்றால் தட்டு மேலேயே நிற்கும். கிழிந்திருந்தால் ஸ்பிரிங் உடனே கீழே தள்ளிவிடும்.

வடவள்ளி ஆர்எஸ்

விரலை எடுத்த மறு நொடி டப்பென்று கீழே வந்துவிட்டது.

கணபதி லேத்

அப்போது அதுவும் போய்விட்டது. ஐடில் ஆட்டத்துக்கு விடை இதுதான். த்ராட்டில் மூடியிருக்கும்போது, அதைத் தாண்டி இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டு அந்தச் சின்ன ஹோஸ் வழியாக, கிழிந்த இடத்தில் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது.

வாங்கும்போது பாஷ் தயாரிப்பில் 06ஏ 145 710 என் என்ற எண்ணைக் கேளுங்கள். கடைசி எழுத்து முக்கியம், அதில் டயாஃப்ரம் கெட்டியானது. இதே இன்ஜினின் அதிக சக்தி கொண்ட வடிவங்களில் வருவது, உங்களுக்கு அப்படியே பொருந்தும். பளபள என்று அலுமினியத்தில் வெளியே ஊதித் தள்ளும் வால்வுகளை இதில் மாட்டாதீர்கள். சத்தம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அளந்த காற்றை வெளியே விட்டால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கலவை கெடும். இப்போது அடைக்கப் போகிற ஓட்டையை நாமே காசு கொடுத்துப் போடுவது போலாகும்.

ஹோஸுக்குச் சிலிக்கான் வேண்டாம். சாதாரண சிலிக்கானில் ஆயில் ஊறும், அதற்கென்று உள்பூச்சு உள்ளதாக இருந்தால் வாங்கலாம். ஒரிஜினல் ரப்பரே நிம்மதி. கிளாம்ப்பையும் புதுசாக மாற்றுங்கள், மாட்டும் முன் இரண்டு முனையிலும் உள்ள ஆயிலை சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். ஆயில் இருந்தால் அடுத்த முழு மிதியில் கழன்றுகொள்ளும்.

புதுப்பேட்டை வாசி

ஹோஸ் கோவையில் கிடைக்காவிட்டால் சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கழற்றிய ஹோஸ் கிடைக்கும், ஆனால் 20 வருடத்து ரப்பரைப் பழசில் வாங்காதீர்கள். உலோக பாகம் என்றால் தாராளமாகப் பழசில் வாங்கலாம், ரப்பர் என்றால் புதுசுதான்.

வடவள்ளி ஆர்எஸ்

ஹோஸ், கிளாம்ப், வால்வு மூன்றும் வந்து மாட்டியாயிற்று. மறுபடி 10 பிஎஸ்ஐ ஏற்றிப் பார்த்தேன், எங்கும் நுரை இல்லை. கோடை அழித்துவிட்டு ஓட்டியதில் 115-ல் கேட்பதும் கிடைப்பதும் 20, 30 மில்லிபார் வித்தியாசத்தில் ஒன்றையொன்று துரத்துகின்றன. 032 இரண்டாவது எண் மெல்ல –1.5-க்கு வந்திருக்கிறது. ஐடில் அசையாமல் நிற்கிறது. 5500-ல் எம்ஏஎஃப் வினாடிக்கு 117 கிராம் காட்டுகிறது, இது போதுமா? மொத்தச் செலவு டர்போவுக்குக் கேட்டதில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை.

கணபதி லேத்

தாராளமாகப் போதும். கிராம் கணக்கை 0.8-ஆல் வகுத்தால் தோராயமாகக் குதிரைத்திறன். உங்களுக்கு 146 வருகிறது, இந்த வயதில் அதற்கு மேல் கேட்கக் கூடாது.

ஆயில் என்ன ஊற்றுகிறீர்கள்? விடபிள்யூ 502 00 என்று டப்பாவில் போட்டிருக்கும் 5டபிள்யூ-40 சிந்தெடிக் இல்லையென்றால் அடுத்த முறை அதற்கு மாறுங்கள். 7,500 கி.மீ.க்கு மேல் இழுக்காதீர்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது?

வடவள்ளி ஆர்எஸ்

ஆயில் அதேதான் அண்ணா. பெல்ட் பற்றி முந்தைய ஓனரிடம் பில் இல்லை, “மாத்தியாச்சு” என்று மட்டும் சொன்னார்.

நீலகிரி டீசல்

பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், ஹெட் போய்விடும். கி.மீ. பார்க்காதீர்கள், வயதைப் பாருங்கள். பெல்ட், டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே செட்டாக மாற்றுங்கள். பழைய பம்ப்புகளில் உள்ளே சுற்றும் விசிறி பிளாஸ்டிக்கில் இருந்தது, அது உடைந்தோ ஷாஃப்ட்டில் வழுக்கியோ வண்டி சூடேறும். உலோக விசிறி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அது வரை ஊட்டிப் பக்கம் வரவேண்டாம்.

ரெட்லைன் ராசு

பெல்ட் வேலை போர்டிகோலயே பண்ணலாமாண்ணா?

கணபதி லேத்

செய்யலாம். ஆனால் வலது பக்க இன்ஜின் மவுண்ட்டைக் கழற்ற வேண்டும், அதற்கு இன்ஜினைக் கீழிருந்து பத்திரமாகத் தாங்க ஜாக்கும் மரக்கட்டையும் வேண்டும். மார்க் ஒரு பல் தவறினாலும் வண்டி சரியாக ஓடாது. முதல் தடவை என்றால் கூட ஒரு ஆள் இருக்கட்டும். வடவள்ளிக்காரர் செட்டை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். லாக்கிங் பின் என்னிடம் இருக்கிறது.