வீட்டுக்குள்ள சிங்க் ஆகுது, வாசல் தாண்டினா ஆகல

என் நோட்ஸ் என் வீட்லயே இருக்கட்டும்னு ராஸ்பெர்ரி பை 4ங்கற குட்டி கம்ப்யூட்டர்ல டாக்கர் போட்டு ஜாப்ளின் சர்வர் (நோட்ஸ் ஆப்போட சிங்க் சர்வர்) ஓட்டுறேன். வைஃபைல லேப்டாப், ஆண்ட்ராய்டு போன் ரெண்டும் அழகா சிங்க் ஆகுது, மொபைல் டேட்டாவுக்கு மாறினா டைம்அவுட் தான். மதுரை, ஃபைபர் லைன், ரெண்டு வாரமா இதே கதை. போர்ட் 22300 ஃபார்வர்டு பண்ணேன், டக்டிஎன்எஸ் (மாறுற ஐபிக்கு நிலையான பேர் தர்ற சேவை) வச்சேன், ஜாப்ளின் சர்வரோட பேஸ் யுஆர்எல்ல மாத்திப் பாத்து திருப்பி வச்சுட்டேன், அப்புறம் பாத்தா ரவுட்டர்ல வேன் ஐபி (வெளிப்பக்க ஐபி) 100.72னு ஆரம்பிக்குது, சிஜிநாட்டாம், அதாவது நெட் கம்பெனி பல வீட்டுக்கு ஒரே பொது ஐபிய பகிர்றது, தெருவுக்கே ஒரு ஐபி போல! டெயில்ஸ்கேல்ங்கற விபிஎன் வேலை செய்யுது, ஆனா போன்ல ஆபீஸ் விபிஎன் இருக்கு, ஆண்ட்ராய்டு ஒரே நேரத்துல ரெண்டு விடாது. ஐபிவி6 அட்ரஸ் மட்டும் ஒழுங்கா வருது. அத வச்சே, போன்ல விபிஎன் இல்லாம, வெளிய இருந்து சிங்க் பண்றதுக்கு ரவுட்டர்லயும் ராஸ்பெர்ரி பைலயும் என்ன மாத்தணும்?