பட்டன் போனுக்கு ப்ளூடூத்தில் கதை அனுப்ப முடியவில்லை, ஸ்பீக்கரும் விட்டு விட்டுப் பாடுகிறது: உதவி வேண்டும்

சாமைக்காட்டு டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மொத்தம் 31 பிள்ளைகள், மூன்று ஊர்களிலிருந்து நடந்து வருகிறார்கள்.

எங்கள் பக்கம் டவர் ஒரு வீட்டில் இருக்கும், அடுத்த வீட்டில் இருக்காது. ஒரு பையன் வீட்டில் போனை பிளாஸ்டிக் பையில் போட்டு வாசலில் இருக்கும் பலா மரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மணி அடித்தால் ஓடிப்போய் மரத்தடியில் நின்று பேச வேண்டும். பேசவே இந்தப் பாடு என்றால் நெட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மழை பிடித்துவிட்டால் நாலைந்து நாள் பிள்ளைகளும் வர முடியாது.

அந்த நாட்களில் வீட்டில் உட்கார்ந்து கேட்கட்டும் என்று, பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருவரிடம் கதைகள் சொல்லச் சொல்லி என் போனில் பதிவு செய்திருக்கிறேன். சாமை அறுப்புக்குப் போன இடத்தில் கரடி வந்த கதை 11 நிமிடம் ஓடுகிறது. பாட்டி கரடி மாதிரி மூச்சு விட்டுக் காட்டும் இடத்தில் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. இதை எல்லார் வீட்டுப் போனிலும் ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. பாட்டியும் சம்மதம் சொல்லிவிட்டார்.

பெற்றோரிடம் இருப்பது 29 போன். அதில் 22 பட்டன் போன், 7 டச் போன். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ப்ளூடூத் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அனுப்பி முடிக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பாதியில் அறுந்தால் முதலிலிருந்து அனுப்ப வேண்டியிருக்கிறது. பல பட்டன் போன்களில் போய்ச் சேர்ந்த பிறகும் பாட மாட்டேன் என்கிறது. கதை சொல்லும்போது எடுத்த 3 நிமிட வீடியோ ஒன்றும் இருக்கிறது. அதை ஒரு டச் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன், முக்கால் மணி நேரம் ஆகியும் முடியவில்லை, விட்டுவிட்டேன்.

இன்னொன்று. வகுப்பில் ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். நான் நடந்துகொண்டே பாடம் நடத்தும்போது பாட்டு விட்டு விட்டு வருகிறது. வீடியோ போட்டால் வாய் முதலில் அசைகிறது, சத்தம் பின்னால் வருகிறது. பிள்ளைகள் வாயசைவைப் பார்த்து ஒலி கற்றுக்கொள்ளும் வயதில் இருப்பதால் இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

போளூர் சர்வீஸ்:

டீச்சர், வணக்கம். மலைக்குக் கீழே போளூரில் 17 வருஷமாக செல்போன் சர்வீஸ் பார்க்கிறேன். உங்கள் பக்கத்து ஆட்கள் சந்தை நாளில் போனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பின்மூடி போய் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய போன், 5-ஆம் நம்பர் தேய்ந்து போன போன் எல்லாம் என் மேஜைக்கு வந்தவைதான். அதனால் உங்கள் சிக்கல் எனக்குக் கண்ணால் பார்த்த மாதிரி தெரிகிறது.

பாடாததற்குக் காரணம் பைலின் வகை. உங்கள் போன் எம்4ஏ என்ற வகையில் பதிவு செய்திருக்கும். பெரும்பாலான பட்டன் போனுக்கு அது புரியாது. எம்பி3 என்றால் எல்லாம் பாடும். பள்ளியில் லேப்டாப் இருந்தால் பாட்டும் வீடியோவும் போடும் விஎல்சி என்ற சாஃப்ட்வேரைப் போட்டு, அதில் கன்வெர்ட் என்ற இடத்தில் எம்பி3 என்று தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இருக்கும் ஸ்பேனர் படத்தை அழுத்தினால் சேனல் 1, பிட்ரேட் (ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு) 32 என்று மாற்ற இடம் இருக்கும். பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை.

பைல் சின்னதானால் நேரமும் குறையும். இப்போது 128-இல் பதிவாகியிருந்தால் 11 நிமிடக் கதை பத்தரை எம்பி வரும். 32-க்கு மாற்றினால் இரண்டரை எம்பி சொச்சம்தான். 2004-இல் வந்த ப்ளூடூத் 2.0 ஈடிஆர் என்ற வேக வகையின் கணக்குப்படி நொடிக்கு 3 மெகாபிட் என்று அட்டையில் போட்டிருப்பான், கைக்கு வருவது அதிகம் போனால் 2.1, அதாவது 260 கேபி பக்கம். பட்டன் போனில் அதுவும் வராது, நொடிக்கு 100 முதல் 150 கேபி போனால் நல்ல போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கதை 25 நொடியில் ஏறிவிடும். உங்கள் வீடியோ 1080பி என்ற தெளிவில் எடுத்தது என்றால் 3 நிமிடத்துக்கு 400 எம்பி பக்கம் இருக்கும், அது ஏன் முடியவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். வீடியோவை ப்ளூடூத்தில் அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பைல் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள், பழைய போனில் கட்டம் கட்டமாக வரும், சிலது வாங்கவே மறுக்கும். ஆங்கில எழுத்தில் சின்னதாக, நடுவில் இடைவெளி இல்லாமல் வையுங்கள். பட்டன் போனின் ப்ளூடூத் மெனுவுக்குள் ஸ்டோரேஜ் என்று ஒன்று இருக்கும், அதை மெமரி கார்டுக்கு மாற்றாவிட்டால் போனின் சொந்த இடத்தில் எழுதப் பார்த்துத் தோற்றுப்போகும். பாதியில் அறுவதற்கு நான் பார்த்த வரையில் முக்கால்வாசி காரணம் இதுதான்.

இப்போது முக்கியமான விஷயம். 29 போனுக்கும் நீங்களே அனுப்பாதீர்கள். நீங்கள் ஒருவருக்கு அனுப்புங்கள், இரண்டு போன் ஆகிவிட்டது. அந்த இரண்டும் இன்னும் இரண்டுக்கு அனுப்பினால் நாலு. அப்புறம் 8, 16, 32. ஐந்தே சுற்றில் உங்கள் ஊர் முடிந்தது. பட்டன் போனிலும் பைலை எடுத்து ஆப்ஷன் அழுத்தினால் ப்ளூடூத் வழியாக அனுப்ப வழி உண்டு. பெரிய பிள்ளைகளுக்கு ஒரு தடவை காட்டிக் கொடுத்தால் போதும், நம்மைவிட வேகமாகச் செய்வார்கள்.

நோக்கியா 6600 காலத்தில் எங்கள் தெருவில் பாட்டு இப்படித்தான் பரவியது. அதற்கு முன்னால் இன்ஃப்ராரெட், இரண்டு போனையும் மூக்கோடு மூக்கு வைத்து ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ப்ளூடூத் வந்த பிறகு போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே டீ குடிக்க முடிந்தது.

ஒலிப்பதிவு ஆர்வலன்:

சர்வீஸ் அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். 32 வேண்டாம், 48 வையுங்கள். நான் கிராமத்துப் பாடல்களைப் பதிவு செய்து சேர்த்து வருகிறவன். 32-க்கு இறக்கினால் சொல் புரியும், ஆனால் மூச்சும் உஸ் என்ற சீறலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். நீங்கள் சொன்ன கரடி மூச்சுதான் அந்தக் கதையின் உயிர், அதைப் பத்து நொடிக்காக இழக்கக் கூடாது. 48-இல் 4 எம்பி வரும், அரை நிமிடத்துக்குச் சற்று மேலே ஆகும். முதலில் பதிவான பைலை அழிக்காமல் தனியாக ஓர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள் டீச்சர். இது மிக முக்கியம், பாட்டியின் குரலுக்கு அதுதான் மூலம்.

ஸ்பீக்கருக்கு வருகிறேன். நடக்கும்போது போனை எங்கே வைத்திருக்கிறீர்கள்? இடுப்பிலோ தோள் பையிலோ இருந்தால், நீங்கள் பலகைப் பக்கம் திரும்பும்போது போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உங்கள் உடம்பு வந்துவிடுகிறது. ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். உடம்பில் இருக்கும் தண்ணீர் அந்த அலையை நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். போனை மேஜையில், ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டு நீங்கள் நடங்கள், பாதிச் சிக்கல் தீரும்.

அதே போனில் ஹாட்ஸ்பாட் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அதுவும் அதே 2.4-இல்தான் ஓடக்கூடும். ப்ளூடூத் நொடிக்கு 1600 தடவை 79 சேனல்களுக்குள் தாவிக்கொண்டே இருக்கும், வைஃபை ஒரு பெரிய பகுதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தாவ இடம் குறைந்துவிடும். போனின் டெவலப்பர் ஆப்ஷனில் ஆடியோ கோடெக் என்று, ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். ஸ்பீக்கரும் தாங்கி அதில் எல்டாக் தேர்வாகியிருந்தால் எஸ்பிசிக்கு மாற்றுங்கள். எல்டாக் நொடிக்கு 990 கிலோபிட் வரை தள்ளப் பார்க்கும், எஸ்பிசிக்கு 328 போதும். பாட்டியின் பேச்சுக்கு இரண்டுக்கும் காதில் வித்தியாசம் தெரியாது.

வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போவதற்குக் காரணம், போன் ஒலியைச் சுருக்கி அனுப்ப, ஸ்பீக்கர் அதைச் சேர்த்து வைத்து விரித்துப் பாடுவதுதான். அதற்குள் கால் நொடி வரை ஓடிவிடுகிறது. போனில் விஎல்சி வழியாக வீடியோ போட்டால் ஆடியோ டிலே என்ற இடத்தில் மைனஸ் 200 மில்லி செகண்டில் ஆரம்பித்து, உதடும் ஒலியும் சேரும் வரை கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஆனால் உங்கள் வகுப்புக்கு நான் சொல்வது, ஸ்பீக்கரில் ஆக்ஸ் துளையும் போனில் ஹெட்போன் துளையும் இருந்தால் ஒரு ஒயர் வாங்கிச் செருகிவிடுங்கள் என்பதுதான். ஒயரில் தாமதமே கிடையாது. ஒலி கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒயர்தான் சரி.

நாகை விசைப்படகு:

அக்கா, நாங்கள் கடலுக்குப் போனால் பத்து நாள் டவர் இருக்காது. படகில் ஏழெட்டுப் பேர், பாட்டும் படமும் கைமாறுவது ப்ளூடூத்தில்தான். டச் போனுக்கு டச் போன் என்றால் மட்டும் க்விக் ஷேர் என்ற ஆண்ட்ராய்டு வசதியைப் போடுவோம். 2020-இல் நியர்பை ஷேர் என்று வந்தது, 2024-இல் பெயர் மாறியது. அதற்கு நெட் தேவையில்லை, உள்ளே வைஃபை வழியாகப் போவதால் உங்கள் வீடியோவை அந்த 7 போனுக்கும் நிமிடக் கணக்கில் அனுப்பிவிடலாம். முன்னே பைல் அனுப்ப ஷேர்இட், ஸெண்டர் என்ற ஆப்களை வைத்திருந்தோம், 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் அந்த இரண்டும் போய்விட்டன. அவற்றை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் போனை நகர்த்தாமல் ஒரே இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். படகு ஆடும்போதே எங்களுக்குப் போய்ச் சேர்கிறது என்றால் ஒரு பலகை மேல் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிடுவதால்தான். ஆண்கள் அனுப்பிக்கொண்டே எழுந்து நடக்கிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

சாமைக்காட்டு டீச்சர்:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருந்தது. கூட்டம் முடிந்ததும் யாரையும் போக விடாமல் உட்கார வைத்துவிட்டேன். 24 போன் வந்திருந்தன.

48-இல் மாற்றினேன். 32-இலும் மாற்றி இரண்டையும் கேட்டுப் பார்த்தேன், தம்பி சொன்னது உண்மை, 32-இல் கரடி இல்லை. பலகைக்கு முன்னால் கோரைப் பாயை விரித்து, போன்களை இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர்தான் மெனுவைத் தேடி அழுத்தினார்கள். முதல் சுற்றுக்குத்தான் நேரம் ஆனது, ஒருவர் போன் இன்னொருவர் போனில் தெரியவில்லை. ப்ளூடூத்தைப் போட்டால் மட்டும் போதாது, மற்றவர்களுக்குத் தெரியும்படி வைக்க வேறொரு இடம் இருக்கிறது என்றும், அதுவும் இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது என்றும் ஒரு பெண்பிள்ளைதான் கண்டுபிடித்துச் சொன்னாள். அதன் பிறகு வேகம் பிடித்துவிட்டது. 20 நிமிடத்துக்குள் 21 போனில் ஏறிவிட்டது.

ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு போனில் ஒரே கதை முன்னும் பின்னுமாக ஓடியதைக் கேட்க வேண்டும் நீங்கள். பாட்டியும் வந்திருந்தார். ஒவ்வொரு போனாகக் காதருகில் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் போனில் என் குரல் கட்டையாக இருக்கிறது, அந்தப் போனில் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஸ்பீக்கருக்கு ஒயர் இன்னும் வாங்கவில்லை, போளூர் வரும்போது வாங்குகிறேன். போனை மேஜையில் வைத்ததிலேயே விட்டு விட்டு வருவது நின்றுவிட்டது. விஎல்சியில் மைனஸ் 250-இல் உதடும் ஒலியும் சேர்ந்தன.

மீதி இருக்கும் சந்தேகம் இரண்டு. ஒருவரிடம் ஐபோன் இருந்தது, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் கொடுத்துவிட்டுப் போனதாம். அதில் எதுவுமே போகவில்லை. இரண்டு பட்டன் போன்கள் பட்டியலில் தெரிகின்றன, இணையச் சொன்னால் நம்பர் கேட்கின்றன, என்ன போட்டாலும் மறுக்கின்றன. என்ன செய்வது?

போளூர் சர்வீஸ்:

ரொம்ப சந்தோஷம் டீச்சர். ஐபோன் ப்ளூடூத்தில் ஹெட்செட்டும் ஸ்பீக்கரும் இணையும், வேறு போனிலிருந்து இப்படிப் பைல் வாங்கும் வசதியை அதில் வைக்கவே இல்லை. உங்கள் மேலோ அவர் மேலோ தப்பில்லை. லேப்டாப்பில் கேபிள் போட்டு ஏற்றித் தாருங்கள்.

அந்த இரண்டு பட்டன் போனிலும் 0000 போட்டுப் பாருங்கள், ஆகாவிட்டால் 1234. இரண்டு பக்கமும் ஒரே நம்பர் போட வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் ப்ளூடூத்தில் முன்னே இணைத்த பழைய பெயர்களின் பட்டியல் நிறைந்திருக்கும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு போனை அணைத்துப் போட்டால் வாங்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் எல்லார் போனிலும் ப்ளூடூத்தை அணைக்கச் சொல்லுங்கள். 2004-இல் கபீர் என்று ஒரு வைரஸ், சிம்பியன் என்ற பழைய இயங்குதளம் இருந்த போன்களில் ப்ளூடூத் வழியாகவே போனுக்குப் போன் தொற்றியது. கேட்காமல் வரும் பைலுக்கு யெஸ் அழுத்தக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

ஒயருக்குக் கடைக்கு வாருங்கள். ஸ்பீக்கரின் துளை எந்த அளவு என்று ஒரு போட்டோ எடுத்து வந்தால் போதும். வரும்போது கரடிக் கதையையும் கொண்டுவாருங்கள், எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.